வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள இயலவில்லை

புது லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்று அதை முதலில் தொட்டுப் பார்த்தவர் சுகிர்தாவின் அப்பா உத்திராபதிதான். வயலிலிருந்து திரும்பியவர் கைகால் கழுவி, வேட்டியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, மூடியின் மேல் ஒரே ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். மகளோடு பேச அவருக்குத் தெரிந்த சைகைகள் கொஞ்சம்தான். சாப்பிட்டியா, தூங்கு, மழை வருது, அம்மா எங்கே, நல்லாயிருக்கு. இவ்வளவுதான்.

சுகிர்தாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் அவளைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே அறிவுரை சொன்னார்கள். "கையைக் காட்டிப் பேசாதீங்க. அப்புறம் வாய்ப்பேச்சே வராது." அம்மா பெரியநாயகி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மகள் கையைத் தூக்கினால் பிடித்து மடியில் வைத்துவிடுவாள். வாய்ப்பேச்சும் வரவில்லை, கைப்பேச்சும் வரவில்லை. தஞ்சாவூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்த பிறகுதான் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து சுகிர்தா பேசக் கற்றுக்கொண்டாள். முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தவள் ஓயாமல் கையாட்டிக்கொண்டே இருந்தாளாம். பெரியநாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுநாளிலிருந்து மகளிடம் சைகை கற்க ஆரம்பித்தாள். இன்றைக்கு அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டால்கூட அக்கம்பக்கத்துக்குத் தெரியாது.

பள்ளி முடித்த பிறகு காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மாடியில் சரக்கு அறையில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டுவது. கீழே வாடிக்கையாளர் நிற்கும் இடத்துக்கு அவளை அனுப்பமாட்டார்கள். அவளை அங்கே என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று உதட்டசைவிலேயே அவளுக்குத் தெரியும். பல வருடம் அப்படியே போயிற்று.

அப்போதுதான் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. காது கேட்காத குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு இணையம் வழியாகச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் வேலை. ஆசிரியர்களும் காது கேளாதவர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சுகிர்தா எழுதிப் போட்டாள். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தாள். அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்த கீர்த்திகாவுக்குக் காது கேட்கும், ஆனால் கை அவ்வளவு அழகாகப் பேசும். "உங்களுக்குப் பொறுமை இருக்கு. நீங்க நல்லா வருவீங்க" என்று கீர்த்திகா சொன்னாள். முதல் குழு ஒரு பரிசோதனை மாதிரி. அது நல்லபடியாகப் போனால் வேலை நிரந்தரம்.

ஒரு நிபந்தனை உண்டு. போனில் வகுப்பு எடுக்கக் கூடாது. போன் திரையில் ஆறு பேர் முகமும் கையும் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும். யார் விரலைத் தப்பாக மடக்குகிறார்கள் என்று பார்க்க முடியாது. அதற்காகத்தான் காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு கடையில் இந்த லேப்டாப்பை வாங்கினார்கள். வீட்டில் ஏற்கெனவே நெட் இருந்தது. உத்திராபதியின் பெயரில் எடுத்தது. பெரியநாயகி போனில் நாடகம் பார்ப்பாள், சுகிர்தா பள்ளித் தோழிகளோடு வீடியோவில் பேசுவாள். ஒருநாளும் தடங்கல் வந்ததில்லை.

முதல் வகுப்புக்கு சுகிர்தா கறுப்பு நிறத்தில் மேல்சட்டை போட்டுக்கொண்டாள். கை பளிச்சென்று தெரிவதற்காக. திரையில் ஆறு கட்டங்கள் வந்தன. கூச்சத்தோடு ஆறு முகங்கள். அவள் வணக்கம் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். இனி அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைக் காட்ட வேண்டும். முதல் ஆள் கையைத் தூக்கினார். படம் நின்றுவிட்டது.

காது கேட்பவர்களுக்கு வீடியோ நின்றால் குரலாவது வந்துகொண்டிருக்கும். குரல் விட்டுவிட்டு வந்தாலும் அங்கங்கே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். சுகிர்தாவுக்கு அந்த வழி இல்லை. அந்தரத்தில் நின்ற ஒரு கை, அவ்வளவுதான். அது எழும்பும் கையா, இறங்கும் கையா என்றுகூடத் தெரியாது. மறுபடி படம் அசைந்தபோது அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் நடந்தது எல்லாம் போய்விட்டது. 'மறுபடி' என்று அவள் சைகை காட்டினாள். அவர் மறுபடி காட்டினார். இந்த முறை விரல்கள் எல்லாம் கரைந்து சதுரம் சதுரமாகக் கலங்கின.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் அதிகமாகச் சொன்ன சொல் 'மறுபடி'தான்.

வகுப்பு முடிந்ததும் கீர்த்திகாவிடமிருந்து செய்தி வந்தது. "உங்க நெட் ஸ்லோவா இருக்கு சுகிர்தா. நீங்களும் எங்களுக்கு விட்டுவிட்டுத்தான் தெரியுறீங்க. அடுத்த வகுப்புக்குள்ள சரிபண்ணிடுங்க."

சரிபண்ணுவது என்றால் என்ன என்று இணையத்திலேயே தேடிப் படித்தாள். போனில் வேகத்தைச் சோதித்தால் முள் தாவி அறுபதைத் தொட்டது. அதே இடத்தில் அதே நெட்டில் லேப்டாப்பை வைத்துச் சோதித்தால் இரண்டு, மூன்று. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். பெட்டி மாட்டியிருந்த சுவருக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். புது லேப்டாப் பின்னணியில் தானாக எதையெதையோ இறக்கிக்கொண்டிருக்கும், அது முடியட்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு நாள் முழுக்கத் திறந்தே வைத்து, எல்லாம் இறங்கி முடிந்தது என்று திரையே சொன்ன பிறகு சோதித்தாள். மூன்று.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் லேப்டாப்பை வாங்கித் தன் கடை நெட்டில் இணைத்தார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

"பாருங்கம்மா, லேப்டாப் சூப்பரா இருக்கு. உங்க வீட்டு நெட்டுலதான் கோளாறு. நெட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க."

பெரியநாயகி மகளுக்குக் கையால் சொன்னாள். சுகிர்தா பதிலுக்குக் கேட்டதை வாயால் கடைக்காரரிடம் சொன்னாள்.

"வீட்டுல போன்ல மட்டும் எப்படி வேகமா வருதுன்னு கேக்குது."

"அது வேற, இது வேறங்க" என்றார் கடைக்காரர். என்ன வேறு என்று சொல்லவில்லை. அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

நெட் நிறுவனத்தில் புகார் கொடுக்க ஒரே வழி போன் பண்ணுவது. எழுதிக் கேட்கும் வசதி ஒன்றை அவர்கள் செயலியில் சுகிர்தா கண்டுபிடித்தாள். என்ன எழுதினாலும் 'எங்கள் பிரதிநிதியுடன் பேச இந்த எண்ணை அழையுங்கள்' என்றே அது திரும்பத் திரும்பச் சொன்னது. 'எனக்குக் காது கேட்காது' என்று எழுதினாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் பிரதிநிதியுடன் பேச' என்று தொடங்கியது.

பெரியநாயகிதான் பேசினாள். எண்களை அழுத்தச் சொல்லி, பாட்டுப் போட்டு, காக்க வைத்து, கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"பேர் சொல்லுங்க மேடம்."

"நான் உத்திராபதி சம்சாரம் பேசுறேன். லேப்டாப்புல நெட்டு நின்னு நின்னு வருது. எம்பொண்ணு கிளாஸ் எடுக்கணும்."

"லேப்டாப் யூஸ் பண்றது யாருங்க? அவங்ககிட்ட குடுங்க."

"அதுக்குக் காது கேக்காதுங்க."

"சரி, நான் கேக்குறதைக் கேட்டுச் சொல்லுங்க. வைஃபை லிஸ்ட்ல உங்க பேருல ரெண்டு காட்டுதா? ஒண்ணு கடைசியில அஞ்சு ஜி-ன்னு முடியும்."

பெரியநாயகியின் ஒரு கையில் போன். இருப்பது இன்னொரு கைதான். ஒற்றைக் கையால் சைகை பேசுவது பாதி வாயை மூடிக்கொண்டு பேசுவது மாதிரி. ஐந்து என்று காட்டினாள், ஜி என்ற எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுக் காட்டினாள். சுகிர்தா தன் போனைத் தூக்கிக் காட்டி, "இதா?" என்றாள்.

"அது இல்லடி, கம்ப்யூட்டர்ல, கம்ப்யூட்டர்ல" என்று பெரியநாயகி வாயாலும் கையாலும் சொல்ல, டின் மேலிருந்து, "ஹலோ மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"இருக்கேன் இருக்கேன், வச்சிடாதம்மா!"

சுகிர்தாவுக்குப் புரிந்துவிட்டது. பட்டியலைத் திறந்தாள். அப்படி ஒரு பெயர் இல்லை. அவள் போனில் இரண்டு பெயரும் தெரிந்தன. லேப்டாப்பில் ஒன்றுதான்.

"போன்ல தெரியுதாம், லேப்டாப்புல தெரியலையாம்."

"அப்ப லேப்டாப் பிராப்ளம் மேடம். கடையிலதான் காட்டணும்."

"கடையில காட்டிட்டோம்மா. உங்க நெட்டுதான் சரியில்லைங்கிறாரு."

"எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். இருந்தாலும் ஆள் அனுப்பச் சொல்றேன். பதிவு பண்ணின நம்பருக்குக் கால் வரும்."

பதிவு செய்த எண் உத்திராபதியுடையது. அவர் வயலில் இருக்கும்போது போனைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை வரப்பிலுள்ள வேப்பங்கன்றில் மாட்டிவைப்பார். எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றார்கள். அறுவடை மெஷினுக்கு முறை போட்டுக் காத்திருந்த நேரம். இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்றார் உத்திராபதி.

மறுநாள் பெரியநாயகி ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சுகிர்தா காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து அடுத்த பாடத்துக்குப் படங்கள் தயார்செய்துகொண்டிருந்தாள். நண்பகலுக்கு மேல் அப்பா பதறி ஓடிவந்தார். போனை நீட்டினார். தவறிய அழைப்புகள், அதன் கீழே ஒரு குறுஞ்செய்தி. 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள இயலவில்லை. தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.'

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து இந்த வீட்டில்தான் இருந்தாள். கதவும் திறந்துதான் இருந்தது.

அம்மா மறுபடி போன் பண்ணினாள், மறுபடி புகார் எண் வந்தது. இந்த முறை சுகிர்தா வேலை எதையும் எடுத்துக்கொள்ளாமல் வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் போயிற்று, மீன்கார அம்மா போனாள், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் குடிக்க உள்ளே போனாலும் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. மெஷின்காரர் கூப்பிடுவார் என்று அப்பா அன்றும் போனை வயலுக்கே எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் அதே செய்தி, அதே வரி.

இதற்கிடையில் வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஒரு வகுப்பைப் போனிலேயே எடுத்துப் பார்த்தாள். படம் நிற்கவில்லை. ஆனால் ஆறு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை. ஒருவரைப் பெரிதாக்கினால் மற்றவர் மறைந்தார்கள். யாரோ கையை உயர்த்திக் காத்திருந்ததைக் கவனிக்காமலே விட்டுவிட்டாள். போன் வேண்டாம் என்று கீர்த்திகா கண்டிப்பாகச் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு பெற்றோர் வரவில்லை. பிறகு இன்னொருவர்.

இருந்தவர்களில் தஹ்ஸீன் என்ற பெண் எப்போதும் கையை மடியில் வைத்துக்கொண்டே இருப்பாள். அவள் மகள் ஷிஃபாவுக்கு நாலு வயது. கையைக் காட்டிப் பேசாதீர்கள் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அவள் முதல் வகுப்பிலேயே எழுத்தில் கேட்டிருந்தாள். "இது கத்துக்கிட்டா புள்ள பேசாமப் போயிடுமா?" சுகிர்தா வெகுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினாள். "நான் ஒன்பது வயசு வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசல." தஹ்ஸீன் அதன் பிறகு ஒரு வகுப்பையும் விடவில்லை.

ஒரு நாள் பாடம், வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சைகையில் சொல்வது. மற்றவர்கள் சொன்னார்கள். பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. தெரியாததை ஊகித்துக்கொண்டு சுகிர்தா தலையாட்டினாள். கடைசியில் யாரும் கேட்காமலே தஹ்ஸீன் கையை மடியிலிருந்து எடுத்தாள்.

நேற்று. மகள். ரயில்.

அங்கே படம் நின்றது. தஹ்ஸீனின் இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கியபடி நின்றன. வாய் பாதி திறந்திருந்தது. சுகிர்தா திரையை விரலால் தட்டினாள். தட்டுவதால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பெட்டியில் பச்சை விளக்குகள் அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தன.

படம் மீண்டும் அசைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தஹ்ஸீன் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் காது கேளாதோரின் கைதட்டல். அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

சுகிர்தா 'மறுபடி' என்று காட்டினாள். தஹ்ஸீன் உற்சாகமாகத் தலையாட்டி, மறுபடி கையைத் தூக்கினாள். நேற்று. மகள். இம்முறை ரயில்கூட வரவில்லை. கட்டம் முழுக்கக் கலங்கி, ஒரு பழுப்பு நிறமும் ஒரு நீல நிறமும் மட்டும் நெளிந்தன. தெளிந்தபோது தஹ்ஸீன் கையை இறக்கிவிட்டு, ஆசிரியையின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

மூன்றாவது தடவை கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கி விரல்களை அசைத்தாள்.

அடுத்த பயிற்சிக்குப் போன பிறகு, எழுத்துப் பகுதியில் வேறொரு பெற்றோர் போட்டிருந்த செய்தி தாமதமாக வந்து விழுந்தது. "மேம், உங்களுக்குத் தெரியலையோன்னு சொல்றேன். தண்டவாளத்துல ரயில் போனதும் ஷிஃபா அம்மாவைப் பார்த்து 'மறுபடி'ன்னு கை காட்டுச்சாம். முதல் சைகையாம். நீங்க அடிக்கடி காட்டுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்குமாம்."

வகுப்பு முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பெரியநாயகி வந்து தோளைத் தொட்டாள். "என்ன ஆச்சு?"

"அந்தப் பிள்ளை பேசிடுச்சு" என்றாள் சுகிர்தா. "என் நெட் ஸ்லோவா இருந்ததால பேசிடுச்சு. ஆனா அந்த அம்மா சொன்னதை எல்லாரும் பாத்தாங்க. நான் மட்டும் பாக்கல."

பெரியநாயகி வைஃபை பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். வாய்விட்டு ஏதோ திட்டினாள். அதைச் சைகையில் சொல்லவில்லை.

அடுத்த நாள் அம்மாவே கிளம்பி நெட் அலுவலகத்துக்கு உத்திராபதியைக் கூட்டிக்கொண்டு போனாள். அறுவடை மெஷின் வந்தால் வரட்டும் என்றாள். அங்கே எண்ணைப் பெரியநாயகியுடையதாக மாற்றிக் கொடுத்தார்கள். "ஆளு வந்தா போன் பண்ண வேணாம், கேட்டத் தொறந்துக்கிட்டு நேரா உள்ள வரச் சொல்லுங்க. எம்பொண்ணு தோள்ல தட்டச் சொல்லுங்க" என்று அவள் மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலை கீர்த்திகா வீடியோவில் அழைத்தாள். செய்தியாக அனுப்பாமல் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். சுகிர்தா போனில் எடுத்தாள். படம் தெளிவாக இருந்தது.

"இந்தக் குழுவை வேற ஆசிரியைக்கு மாத்திட்டோம் சுகிர்தா. ரெண்டு பேர் ஏற்கெனவே விட்டுட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களையாவது காப்பாத்தணும்னு மேல சொல்றாங்க. என்னால தடுக்க முடியல."

"புகார் குடுத்திருக்கேன். ஆள் வருவாங்க."

"தெரியும். தப்பு உங்க மேல இல்ல. நீங்க நல்ல டீச்சர். நெட்தான்."

தப்பு தன்மேல் என்றால் திருத்திக்கொள்ளலாம். பாடத்தை மாற்றலாம், இன்னும் நிதானமாகக் கை காட்டலாம். இதில் அவள் செய்ய ஒன்றுமே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை தோளில் ஒரு விரல் பட்டது. திரும்பினால், கருவிப் பையோடு ஓர் ஆள் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். பின்னால் பெரியநாயகி.

"அஃப்ரித்துங்க. நெட் ஆபீஸ்லேருந்து" என்றான் அம்மாவிடம். பிறகு கூடத்தைப் பார்த்தான், சுகிர்தா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். "இந்த வீடா? முதல் கம்ப்ளைண்டுக்கு நான்தான் வந்தேன். போன் எடுக்கல. கேட்டுகிட்ட நின்னு அக்கா அக்கான்னு கத்துனேன். இங்க இவங்க முதுகு தெரிஞ்சுது. திரும்பவே இல்ல. வேணும்னே இருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

"ரெண்டாவது தடவை?"

"போன் எடுத்தாதான் கிளம்பணும்னு ரூல்ஸ்ங்க. எடுக்கலைன்னா தானா குளோஸ் ஆயிடும்."

பெரியநாயகி இதை மகளுக்குச் சொல்லலாமா என்று தயங்கினாள். அதற்குள் அஃப்ரித் தன் போனில் தட்டச்சு செய்து சுகிர்தாவிடம் காட்டினான். 'சாரிக்கா. எனக்குத் தெரியாது.' அவள் தலையசைத்தாள்.

அவன் ஒழுங்காகவே வேலை பார்த்தான். லேப்டாப் மெல்லியது, கம்பி செருகும் துளை இல்லை. பையிலிருந்து ஒரு இணைப்பானை எடுத்து மாட்டி, பெட்டியிலிருந்து நேராகக் கம்பி கொடுத்தான். முள் ஒரே தாவலில் அறுபதுக்கு மேல் போயிற்று. கம்பியைப் பிடுங்கினால் மூன்று. இணைத்தால் அறுபது.

"அப்ப லேப்டாப்புதான் கோளாறா?" என்றாள் பெரியநாயகி.

"சொல்ல முடியலைங்க. லேப்டாப் பழைய லைனைத்தான் பிடிக்குது. அதுல அக்கம்பக்கத்து வீட்டு நெட்டெல்லாம் சேந்து நெரிசல். புது லைன், அந்த அஞ்சு ஜி, அதுக்குத் தெரியவே மாட்டேங்குது."

லேப்டாப்பில் ஏதோ மென்பொருளை இறக்கிப் புதுப்பித்தான். அந்த இன்னொரு பெயர் பட்டியலில் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இணைந்தது, ஓடியது, கொஞ்ச நேரத்தில் பெயரே காணாமல் போயிற்று. பெட்டியில் சில அமைப்புகளை மாற்றினான். மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. அஃப்ரித் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"லேப்டாப்புல இருக்கிற வைஃபை சிப்பு சரியில்லாம இருக்கலாம். இல்ல, எங்க பெட்டியும் அதுவும் ஒத்துப்போகாம இருக்கலாம். பெட்டிய மாத்தணும்னா ஆபீஸ்ல எழுதிப் போடணும். குடுப்பாங்களான்னு தெரியாது. லேப்டாப்பைக் கடை வழியா கம்பெனிக்கு அனுப்புனா வாரக்கணக்காகும். எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலைங்க. இப்போதைக்குக் கம்பி போட்டுக்குங்க."

இணைப்பானை விட்டுவிட்டுப் போனான், கடையில் ஒன்று வாங்கியதும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று. கம்பி குட்டையானது. டிவிக்குக் கீழே, சுவரை ஒட்டி உட்கார்ந்தால்தான் எட்டும். பெரியநாயகி அந்த இடத்தைப் பெருக்கி, மேஜையை இழுத்துப் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னல் திரையை ஒதுக்கினாள். "இனிமே நிக்காது பாரு" என்றாள் மகிழ்ச்சியோடு. முந்தின மாலை கீர்த்திகா சொன்னதை சுகிர்தா இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்போதுதான் சொன்னாள்.

ஜன்னல் திரையைப் பிடித்த கையோடு பெரியநாயகி அப்படியே நின்றாள்.

ஜவுளிக்கடையில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். லேப்டாப்பைப் பழுதுபார்க்க அனுப்பலாம் என்றால், தொண்டு நிறுவனம் அவள் பெயரை மாற்று ஆசிரியையாகப் போட்டுவைத்திருக்கிறது. யாருக்காவது முடியாமல் போனால் திடீரென்று கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் லேப்டாப் கையில் இல்லையென்றால் அதுவும் போய்விடும். அதனால் கம்பிதான். தஹ்ஸீனுக்குச் சொல்லச் சொல்லி கீர்த்திகாவிடம் ஒரு வாழ்த்தை அனுப்பினாள். சொல்லிவிட்டேன், சந்தோஷப்பட்டார்கள் என்று பதில் வந்தது. பெற்றோரின் எண்ணை ஆசிரியர்களுக்குக் கொடுப்பதில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு கூப்பிட்டார்கள். வேறொரு குழுவின் ஆசிரியைக்குக் காய்ச்சல். சுகிர்தா கறுப்பு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கீழே உட்கார்ந்தாள். எட்டுக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு விரலும் நகமும்கூடத் தெரிந்தன. ஒருவரின் சுண்டுவிரல் மடங்காமல் நிற்பதைக் கண்டு திருத்தினாள். ஒரு அம்மா வேடிக்கையாக ஏதோ காட்ட, முதல் தடவையாக வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து அதே நொடியில் சிரித்தாள். ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்றென்றே தெரியவில்லை.

முடியும்போது எல்லோரும் கையசைத்து ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியாக ஓர் அப்பா மட்டும் போகாமல் நின்றார். யோசித்து யோசித்து, ஒவ்வொரு சைகையாகச் சேர்த்துக் கேட்டார். நாளை. நீங்கள். வகுப்பு?

அவர் நன்றாகவே கேட்டிருந்தார். சுகிர்தாவுக்கு முழுக்கப் புரிந்தது. மறுநாள் அவர்களுடைய ஆசிரியை வந்துவிடுவாளா என்று கீர்த்திகா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"தெரியாது" என்று காட்டினாள்.

படம் எங்கும் நிற்கவில்லை. அவர் அதைப் பார்த்து மெல்லத் தலையசைத்துவிட்டு, கட்டத்தை மூடிக்கொண்டு போனார்.